வெளிநாட்டில் மிஷன் ஊழியரின் அன்றாடம்: பப்புவா நியூ கினியை முன்வைத்து ஒரு விளக்கம்

வெளிநாட்டு மிஷனரி என்ற சொல் செய்தியில் வரும்போது பெரும்பாலும் ஒரு மரணமோ, கடத்தலோ, வழக்கோ அதனுடன் சேர்ந்து வருகிறது. 2018 நவம்பரில், சுற்றுலா விசாவில் இந்தியா வந்த ஓர் அமெரிக்க இளைஞர், சட்டம் தடைசெய்திருந்த வடக்கு சென்டினல் தீவின் கரையில் இறங்கிக் கொல்லப்பட்டார். 2021 அக்டோபரில், ஹைட்டியில் அநாதை இல்லம் ஒன்றைப் பார்த்துவிட்டுத் திரும்பிய 17 பேரை ஆயுதக் கும்பல் ஒன்று கடத்திச் சென்றது. இப்படிப்பட்ட செய்திகளை வாசித்த பலருக்கும் ஒரே வகையான கேள்விகள் எழுந்தன. இவர்களை அனுப்புவது யார்? சம்பளம் யார் தருகிறார்கள்? எந்த அனுமதியில் வாழ்கிறார்கள்? நாள் முழுவதும் பிரசங்கம்தானா? பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள்?

இக்கேள்விகளுக்குப் பொதுவாகப் பதில் சொல்வதைவிட, ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு அடிப்படையிலிருந்து பார்ப்பது பயன்தரும். இக்கட்டுரை பப்புவா நியூ கினியில் வாழும் மிஷன் ஊழியர்களை, குறிப்பாக வேதாகம மொழிபெயர்ப்புக் குடும்பங்களை, மையமாகக் கொள்கிறது. ஒருவர் தம் பணித்தளத்தில் எத்தனை ஆண்டு நிலைப்பார் என்பதை மாதப் பணம், விசா, மொழி, காய்ச்சல், பிள்ளைகளின் பள்ளி ஆகிய ஐந்து சாதாரண ஏற்பாடுகளே பெரிதும் தீர்மானிக்கின்றன என்பது இதன் வாதம். துணிவுக்கும் அதில் இடமுண்டு; ஆனால் செய்தித்தாள்கள் காட்டும் அளவுக்கு அதன் பங்கு பெரிதில்லை.

## யார் யாருக்குக் கட்டுப்பட்டவர்

மிஷன் ஊழியர் என்பவர் தனி ஆளாகத் தோன்றினாலும், அவரைச் சுற்றி நான்கு தரப்புகள் உள்ளன.

1. அனுப்பும் சபை. ஊழியரின் சொந்த ஊரில் உள்ள திருச்சபை. "அழைப்பு உண்டு" என்று அவர் சொல்வதைச் சோதித்து, ஜெபித்து, பணத்தாலும் தாங்குவது இதுவே.

2. மிஷன் நிறுவனம். பயிற்சி, கணக்கு, காப்பீடு, விசா விண்ணப்பம், நெருக்கடியில் வெளியேற்றுதல் ஆகியவற்றுக்குப் பொறுப்பு இதற்கு உண்டு.

3. வரவேற்கும் அமைப்பு. அந்த நாட்டில் பதிவுபெற்ற திருச்சபையோ நிறுவனமோ பொறுப்பேற்றால்தான் நுழைவு அனுமதி கிடைக்கும்.

4. அந்த நாட்டின் அரசு. அனுமதியைத் தரவும் புதுப்பிக்கவும் மறுக்கவும் அதற்கு முழு உரிமை உண்டு.

மூன்றாம் நான்காம் தரப்புகளை மறந்துவிடுவதால்தான் பல குழப்பங்கள் நேர்கின்றன. மிஷன் பணிக்கென்று தனி விசா வகை வைத்திருக்கும் நாடுகள் பல. இந்தியாவிலும் "எம்" என்ற எழுத்தால் குறிக்கப்படும் மிஷனரி விசா உண்டு. சுற்றுலா விசாவில் வந்து மதப் பிரசாரம் செய்வது விசா விதியை மீறும் குற்றம். முறையாக அனுப்பப்பட்ட ஊழியர் ஒருவரின் அனுமதி, அவரை வரவேற்ற அமைப்போடு கட்டப்பட்டிருக்கும். அந்த அமைப்போடு உறவு முறிந்தால் நாட்டில் இருக்கும் தகுதியும் போய்விடும். ஆகவே, வட சென்டினல் கரையில் நடந்ததை இந்த ஒழுங்குக்குள் வாழும் ஆயிரக்கணக்கானோரின் வாழ்க்கைக்கு மாதிரியாகக் கொள்வது சரியாகாது.

## பணம் வரும் வழி

மிஷனரிகளுக்குப் பணம் வரும் வழிகள் அடிப்படையில் இரண்டு.

முதலாவது, பொது நிதியிலிருந்து சம்பளம். அமெரிக்காவின் தென் பாப்திஸ்து சபைகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சீனாவில் 1873 முதல் 1912 வரை பணிசெய்த லாட்டி மூன் என்பவரின் பெயரில் ஒவ்வொரு கிறிஸ்துமஸ் காலத்திலும் அச்சபைகள் எடுக்கும் காணிக்கை நேரடியாக வெளிநாட்டுப் பணிக்குப் போகிறது. இப்படிப்பட்ட நிதியில் வாழும் ஊழியர் தமக்கென்று தனியாகப் பணம் திரட்ட வேண்டியதில்லை.

இரண்டாவது, "விசுவாச மிஷன்" எனப்படும் வழி. 1865-இல் ஹட்சன் டெய்லர் தொடங்கிய சீன உள்நாட்டு மிஷன் இதற்கு முன்னோடி. அங்கே உறுதியான சம்பளம் கிடையாது, கடன் வாங்குவதில்லை, மனிதரிடம் பணம் கேட்பதும் இல்லை. இன்று இவ்வழியில் வருவோர் பெரும்பாலோர் வெளிப்படையாகவே கேட்கிறார்கள். ஓர் இளம் தம்பதி பணித்தளத்துக்குப் புறப்படும் முன், ஓராண்டோ அதற்கு மேலோ சபை சபையாகச் சென்று, மாதந்தோறும் இவ்வளவு தருகிறோம் என்று சொல்லும் குடும்பங்களைச் சேர்க்க வேண்டும். பப்புவா நியூ கினியில் உள்ள மொழிபெயர்ப்பு ஊழியர்களில் பெரும்பாலோர் இவ்வகையினர்.

சேர்க்க வேண்டிய தொகையைக் கேட்டுத் திகைப்பவர்கள் உண்டு. அத்தொகையில் சாப்பாட்டுக்கும் வீட்டுக்கும் போவது ஒரு பகுதிதான். மருத்துவக் காப்பீடு, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், விமானச் செலவு, ஓய்வூதியச் சேமிப்பு, அவசர வெளியேற்ற நிதி, நிறுவனத்தின் நிர்வாகப் பங்கு ஆகியவையும் அதில் அடங்கும். தாங்குபவர்களில் நான்கைந்து பேர் வேலை இழந்தாலோ, தாய்நாட்டு நாணயத்தின் மதிப்புச் சரிந்தாலோ, கிராமத்து வீட்டில் அதன் விளைவு அந்த மாதமே தெரிந்துவிடும்.

இந்த இரு வழிகளுக்கும் வெளியே, மிசோரத்துப் பிரஸ்பிட்டேரியன் பெண்கள் 1910-இல் தொடங்கிய ஒரு வழக்கத்தைச் சொல்லாமல் விட முடியாது. ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்து, சேர்ந்ததைச் சபைக்குக் கொடுப்பார்கள். அதை விற்ற பணம் ஊழியத்துக்குப் போகும். மிஷன் பணி என்றாலே மேற்கத்தியப் பணம் என்று எண்ணுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

## ஏன் பப்புவா நியூ கினி

சுமார் 1 கோடி மக்கள் வாழும் இந்நாட்டில் பேசப்படும் மொழிகள் ஏறத்தாழ 840. உலகின் வேறெந்த நாட்டிலும் இத்தனை மொழிகள் இல்லை. செங்குத்தான மலைகளும் சதுப்பு நிலங்களும் மக்களைப் பிரித்துவைத்தன. தலைநகர் போர்ட் மோர்ஸ்பியிலிருந்து மலைநாட்டுக்கு இன்றும் சாலைத் தொடர்பு கிடையாது. பொதுத் தொடர்புக்கு டோக் பிசின் என்ற மொழி பயன்படுகிறது. ஆங்கிலச் சொற்களைப் பெருமளவு எடுத்துக்கொண்டு, பசிபிக் மொழிகளின் இலக்கணப் போக்கில் வளர்ந்தது அது.

1934-இல் அமெரிக்காவின் ஆர்கன்சாவில் கோடைக்காலப் பயிற்சியாகத் தொடங்கிய எஸ்.ஐ.எல். என்ற மொழியியல் நிறுவனம், 1956-இல் இந்நாட்டில் பணியைத் தொடங்கியது. கிழக்கு மலைநாட்டு மாகாணத்தில், கைனாந்து என்ற ஊருக்கு அருகே, ஐயூரா பள்ளத்தாக்கில் உள்ள உகரும்பா அதன் மையம். கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல் உள்ள இவ்விடத்தில் பள்ளி, மருத்துவ நிலையம், கடை, அஞ்சல் அலுவலகம், பட்டறைகள் உண்டு. ஓடுபாதை பக்கத்திலேயே இருக்கிறது. கிராமப் பெண்கள் காலையில் காய்கறி கொண்டுவந்து விற்கும் சந்தையும் நடக்கிறது. மொழிபெயர்ப்பாளர்கள் கிராமத்தில் சில மாதம், உகரும்பாவில் சில மாதம் என்று மாறி மாறி வாழ்கிறார்கள்.

இவர்களில் வேதாகமத்தை மொழிபெயர்ப்பவர்கள் எல்லோரும் அல்லர் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். விமானி, ஆசிரியர், கணக்கர், தச்சர், கணினி பழுதுபார்ப்பவர், விடுதி நடத்தும் தம்பதி என்று பலர் உண்டு. அனைவரும் ஊழியர்களே. ஊரில் அவர்களைத் தாங்கும் சபைக்கு இதை விளங்கவைப்பது எளிதாக இல்லை. கிணற்று மோட்டார் பழுதுபார்ப்பவருக்கு மாதாமாதம் காணிக்கை கொடுக்க மனம் வருவது, நற்செய்தி சொல்பவருக்குக் கொடுப்பதைவிடக் கடினம். ஆனால் அந்த மோட்டார் நின்றால் மொழிபெயர்ப்பும் நிற்கும்.

## கிராமத்தில் ஒரு நாள்

இங்கே விவரிப்பது எந்த ஒரு குடும்பத்தின் கதையும் அன்று. தொலைதூரக் கிராமங்களில் வாழும் மொழிபெயர்ப்புக் குடும்பங்களின் நாளில் பொதுவாகக் காணும் ஒழுங்கு.

வீடு உள்ளூர் மரத்தால் தூண்கள்மேல் கட்டப்பட்டிருக்கும். கூரை தகரம், அதற்குக் காரணம் மழைநீர். கூரையில் விழும் மழை பீலி வழியாகத் தொட்டிக்குப் போகிறது, குடிநீர் அதுதான். மின்சாரம் சூரியத் தகட்டிலிருந்து மின்கலத்துக்கு வருகிறது. மூன்று நாள் மேகமூட்டம் என்றால் கணினியா, விளக்கா, சிறு குளிர்பெட்டியா என்று முன்னுரிமை வைத்தாக வேண்டும். பெரும்பாலும் கணினியே வெல்கிறது.

விடிந்ததும் வாசலில் ஆட்கள் நிற்பார்கள். ஆறாத புண், குழந்தையின் காய்ச்சல், மண்வெட்டி வெட்டிய கால். அரசின் சிறு மருத்துவ நிலையங்கள் பல இடங்களில் மருந்தோ ஆளோ இல்லாமல் மூடிக்கிடப்பதால், மருத்துவம் படிக்காத மொழிபெயர்ப்பாளர் வீட்டுத் திண்ணை மருந்தகமாகிவிடுகிறது. தம் அறிவுக்கு மீறிய நோயைத் தொடாமல் இருக்கவும், யாரை விமானத்தில் அனுப்ப வேண்டும் என்று கண்டுகொள்ளவும் அவர் பழகிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்த முடிவுகளின் சுமை சிலரைப் பல ஆண்டுகள் தூங்கவிடுவதில்லை.

பல ஆண்டுகளாக, காலையில் குறித்த நேரத்துக்கு உயர் அலைவரிசை வானொலியில் மையத்தோடு பேசுவது வழக்கமாக இருந்தது. யாருக்கு உடல்நலமில்லை, ஓடுபாதை ஈரமா, மேகம் எந்த மலைமேல் நிற்கிறது என்ற விவரங்கள் அதில் பரிமாறப்பட்டன. கைப்பேசியும் செயற்கைக்கோள் இணைப்பும் வந்தபின் அதன் தேவை குறைந்துள்ளது.

பிறகுதான் மொழிபெயர்ப்பு. உள்ளூர் மொழிபெயர்ப்பாளர்கள் தோட்ட வேலை, சாவு வீடு, பஞ்சாயத்து எல்லாவற்றையும் விட்டு வரும் நேரத்தைப் பொறுத்து அது தொடங்கும். ஒரு நாளில் சில வசனங்கள் முடிந்தால் நல்ல நாள். புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள், 8,000-க்குச் சற்றே குறைவான வசனங்கள் உள்ளன என்பதை நினைத்துக்கொண்டால், இப்பணி ஏன் பத்து முதல் இருபது ஆண்டு எடுக்கிறது என்பது விளங்கும்.

### விமானமும் தராசும்

அங்கே அரிசி, மருந்து, ஆணி, ஆசிரியர், நோயாளி எல்லாம் சிறு விமானத்தில்தான் வருகின்றன. எஸ்.ஐ.எல். தன் சொந்த விமானங்களை இயக்குகிறது. 1951-இல் இந்நாட்டில் பறக்கத் தொடங்கிய எம்.ஏ.எஃப். என்ற மிஷன் விமானச் சேவை எல்லாத் திருச்சபைகளுக்கும் அரசுக்கும்கூட உதவுகிறது. அதன் முதல் விமானி ஹாரி ஹார்ட்விக், தொடங்கிய அதே ஆண்டில் மலைநாட்டில் விபத்தில் இறந்தார்.

ஓடுபாதைகள் புல் தரையில், மலைச் சரிவில் அமைந்தவை. மேட்டை நோக்கி இறங்கி, பள்ளத்தை நோக்கிக் கிளம்ப வேண்டும். பலவற்றில் ஒரே திசையில்தான் இறங்க முடியும். பிற்பகலில் மேகம் கணவாய்களை மூடிவிடுவதால் பயணங்கள் காலையிலேயே நடக்கின்றன. மூட்டைகளைப் போலவே பயணிகளும் தராசில் ஏற வேண்டும். குட்டையான ஓடுபாதையிலிருந்து எவ்வளவு எடையோடு எழலாம் என்பதற்குக் கணக்கு உண்டு. ஆகவே ஆறு மாதத்துக்கான மளிகைப் பட்டியல் போடும் குடும்பம் விலையோடு எடையையும் பார்க்கிறது.

இன்னொரு தொழில்நுட்பக் காரணமும் செலவைத் தீர்மானிக்கிறது. பழைய பிஸ்டன் இயந்திர விமானங்களுக்குத் தனிவகைப் பெட்ரோல் தேவை. தொலைதூர நாடுகளில் அது அரிதாகவும் விலை மிக்கதாகவும் ஆகிவிட்டது. ஜெட் எரிபொருளில் ஓடும் டர்போப்ராப் விமானங்களுக்கு மிஷன் சேவைகள் மாறியதற்கு இதுவே முக்கியக் காரணம். அமெரிக்காவில் உருவான கோடியாக் என்ற சிறு விமானம் இத்தகைய சேவைகளின் தேவையை மனத்தில் வைத்தே வடிவமைக்கப்பட்டது.

## மொழி: நாமும் நாங்களும்

புதிதாக வருபவர் முதலில் டோக் பிசின் கற்கிறார். மடாங் நகருக்கு மேலுள்ள குன்றில் பல வாரப் பயிற்சி நடக்கும். விறகடுப்பில் சமைப்பது, மலையேறுவது, கிராமக் குடும்பம் ஒன்றோடு தங்குவது எல்லாம் அதன் பாடங்கள். அதன் பிறகுதான் "டோக் பிளெஸ்", அதாவது ஊர்மொழி. அதற்கு இலக்கணமோ அகராதியோ எழுத்தோ இருப்பது அரிது. ஒலிகளைப் பிரித்தறிவது, எழுத்து முறையை ஊராரோடு சேர்ந்து முடிவு செய்வது, வாசிக்கக் கற்பிப்பது என்று அடித்தளத்திலிருந்து தொடங்க வேண்டும். வளர்ந்தவர் ஒருவர் குழந்தைகளின் சிரிப்புக்கு நடுவே சொற்களைத் திருத்திக்கொள்ளும் காலம் இது. 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்க், பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் தமிழெழுத்துப் பழகியதை அறிந்த நமக்கு இக்காட்சி புதிதல்ல.

சிக்கல் எங்கே இருக்கிறது என்பதற்கு மூன்று எடுத்துக்காட்டுகள்.

1. டோக் பிசினில் "யுமி" என்றால் நாம். "மிபேலா" என்றால் நாங்கள். ஆங்கிலத்துக்கும் ஜெர்மனுக்கும் இந்த வேறுபாடு கிடையாது. மூல கிரேக்கத்திலும் இல்லை. புயலில் படகு தத்தளிக்கும்போது சீடர்கள் இயேசுவை எழுப்பி, சாகிறோமே என்று கதறுகிறார்கள். சாகப்போவது "நாமா", "நாங்களா"? இயேசுவையும் சேர்த்துச் சொன்னார்களா என்பது ஓர் இறையியல் கேள்வி. மொழிபெயர்ப்பாளர் அதைத் தவிர்க்க முடியாது, ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். தமிழ் வாசகருக்கு இச்சிக்கல் விளக்கமின்றியே புரியும்.

2. டோக் பிசினில் உணர்வின் இருப்பிடம் வயிறு. "பெல் ஹெவி", வயிறு கனத்தால் துக்கம். "பெல் ஹாட்", சூடானால் கோபம். "பெல் இசி", இலேசானால் சமாதானம். மனந்திரும்புதல் "தானிம் பெல்", அதாவது வயிற்றைத் திருப்புதல். வயிறு எரிவதையும் வயிற்றில் பால் வார்ப்பதையும் அறிந்த தமிழருக்கு இது இயல்பாகவே படும். வேறு சில ஊர்மொழிகளில் அந்த இடத்தைக் கல்லீரல் பிடித்துக்கொள்கிறது. இதயம் என்ற சொல்லை அப்படியே பெயர்த்துவைத்தால் அங்கே அது வெறும் தசைத் துண்டு.

3. ஆடு அறியாத மலைமக்களிடையே சடங்குக்கும் விருந்துக்கும் உரிய விலங்கு பன்றி. "தேவ ஆட்டுக்குட்டி" என்பதைப் "பன்றிக்குட்டி" என்று பெயர்த்தால் உணர்வு சரியாக இருக்கும். ஆனால் யூதருக்குத் தீட்டான விலங்கு என்பதால் நூலின் மற்ற இடங்களோடு முரணும். ஆகவே "சிப்சிப்" என்ற கடன்சொல்லை வைத்து விளக்கம் எழுதுவதே பொதுவான வழக்கம்.

எழுதியது புரிகிறதா என்பதை மொழிபெயர்ப்புக் குழுவில் இல்லாத ஊராரிடம் வாசித்துக்காட்டிச் சோதிக்கிறார்கள். பின்பு அதை மீண்டும் ஆங்கிலத்துக்கோ டோக் பிசினுக்கோ திருப்பிப் பெயர்த்து, அந்த மொழி தெரியாத ஆலோசகர் ஒருவர் வரிவரியாகக் கேள்வி கேட்கிறார். டோக் பிசினிலேயே புதிய ஏற்பாடு 1969-இலும் முழு வேதாகமம் 1989-இலும் வெளிவந்தன. இங்கே ஒரு வேதனையான உண்மை உண்டு: பல ஊர்களில் இளையோர் டோக் பிசினுக்கு மாறிவருகிறார்கள். இருபது ஆண்டு உழைப்பில் முடிந்த ஊர்மொழி நூலை வாசிக்கப் பெரியவர்கள் மட்டுமே இருக்கும் நிலை வரலாம். ஒரு மொழியில் தொடங்கும் முன் அதன் உயிர்நிலையை ஆராய்வது இதனால்தான். அந்த ஆய்வைச் சுருக்கிக்கொள்வது ஊராருக்கும் ஊழியருக்கும் செய்யும் அநீதி என்றே இக்கட்டுரை கருதுகிறது.

## காய்ச்சலும் மலையும்

பப்புவா நியூ கினியின் கடலோரங்களிலும் தாழ்நிலங்களிலும் மலேரியா கடுமையானது. 1886-இல் பின்ஷாஃபன் பகுதிக்கு வந்த லுத்தரன் மிஷனரி யோகான் ஃபிளியர்ல் காலத்தில், காய்ச்சல் மரணங்களால் 1891-இல் ஜெர்மன் வணிகக் கம்பெனி அந்த ஊரையே கைவிட்டது. ஃபிளியர்ல் மறு ஆண்டு மலைமேல் சாட்டல்பெர்க் நிலையத்தை அமைத்தார்; அங்கே காய்ச்சல் குறைவு. மதுரை அமெரிக்க மிஷனின் குடும்பங்கள் 1845-இல் கொடைக்கானலில் வீடு கட்டியதும் இதே காரணத்துக்காகத்தான். இன்று நாம் விடுமுறைக்குச் செல்லும் ஊர், சமவெளியில் பிள்ளைகளையும் துணைவர்களையும் புதைத்த குடும்பங்கள் தேடிப்போன குளிர்ந்த இடம்.

இப்போது தடுப்பு மாத்திரைகள், கொசுவலை, சில நிமிடத்தில் முடிவு சொல்லும் இரத்தச் சோதனை ஆகியவை உண்டு. ஆனாலும் ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்குவதா, நோய் வந்ததும் உடனே சிகிச்சை பெறுவதா என்று ஒவ்வொரு குடும்பமும் மருத்துவரோடு பேசி முடிவெடுக்கிறது. வைவாக்ஸ் வகைக் கிருமி கல்லீரலில் ஒளிந்திருந்து மாதங்கள் கழித்துத் திரும்ப வரும். அதை ஒழிக்கும் பிரைமாகுயின் மருந்தைக் கொடுக்கும் முன், குறிப்பிட்ட நொதிக் குறைபாடு உடலில் இல்லை என்று சோதித்தாக வேண்டும். கைமீறிய நோய்க்கு ஆஸ்திரேலியாவின் கெயின்ஸ் நகரம் போன்ற இடங்களுக்கு விமானத்தில் அனுப்புகிறார்கள். அந்த வசதி பக்கத்து வீட்டுக் கிராமத்தாருக்கு இல்லை என்பதை இருவருமே அறிவார்கள்.

## பிள்ளைகள்

குடும்பங்கள் பணித்தளத்தை விட்டுத் திரும்பும் முடிவில் பிள்ளைகளின் படிப்பு பெரும்பங்கு வகிக்கிறது. வழிகள் மூன்று: கிராமத்தில் தாய் தந்தையே பாடம் சொல்லித்தருவது, உகரும்பா பள்ளியில் சேர்த்து, பெற்றோர் கிராமத்தில் இருக்கும் மாதங்களில் பிள்ளையை விடுதி இல்லத்தில் விடுவது, மேல்வகுப்புக்கு முன்பே தாய்நாடு திரும்பிவிடுவது. 1901-இல் கொடைக்கானலில் மிஷனரிப் பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கப்பட்டதும் இந்த இரண்டாம் வழியின் ஒரு வடிவம்தான்.

விடுதி முறையைப் பற்றி மென்று விழுங்காமல் பேச வேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவின் கினி நாட்டில் மாமூ என்ற இடத்தில் இருந்த மிஷனரிப் பிள்ளைகளுக்கான பள்ளியில் மாணவர்கள் கொடுமைக்கு ஆளானதை, சுயேச்சையான விசாரணைக் குழு ஒன்று 1998-இல் உறுதிசெய்தது. பள்ளி 1971-லேயே மூடப்பட்டிருந்தது. பிள்ளைகளின் குரலைக் கேட்க அத்தனை ஆண்டுகள் பிடித்தன. பெற்றோரின் ஊழியத்துக்குத் தடையாகிவிடுவோம் என்ற பயத்தால் பல பிள்ளைகள் வாய் திறக்கவில்லை. இன்று பிள்ளைப் பாதுகாப்பு விதிகள், பின்னணிச் சோதனை, பயிற்சி ஆகியவற்றைக் கட்டாயமாக்கும் நிறுவனங்கள் பெருகியதற்கு இப்படிப்பட்ட விசாரணைகளே காரணம். எந்த ஊழியத்தின் பெயராலும் இதில் தளர்வு கூடாது.

நல்ல பள்ளியில், அன்பான வீட்டில் வளரும் பிள்ளைக்கும் ஒரு தனிப்பட்ட சிக்கல் உண்டு. 1950-களில் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்த சமூகவியலாளர் ரூத் ஹில் யூசீம், இத்தகையவர்களை "மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள்" என்று அழைத்தார். பெற்றோரின் நாடு ஒன்று, வளரும் நாடு ஒன்று. இரண்டும் கலந்த இடைவெளியில் உருவாகும் வாழ்க்கை மூன்றாவது. கடவுச்சீட்டில் உள்ள நாட்டுக்குப் பதினெட்டு வயதில் கல்லூரிக்குச் செல்லும் பிள்ளை, முகத்தாலும் பேச்சாலும் அந்நாட்டவராகத் தெரிந்தும், கடையில் என்ன வாங்குவது என்று தெரியாமல் நிற்கும். "சொந்த ஊர் எது?" என்ற கேள்வி அதற்குக் கடினமான கேள்வி.

## வேலிக்கு இருபுறமும்

உகரும்பாவைச் சுற்றி வேலியும் காவலும் உண்டு. நாட்டில் திருட்டும் வழிப்பறியும் உண்மையான ஆபத்துகள் என்பதால் அது புரிந்துகொள்ளத்தக்கதே. ஆனால் வேலி ஒன்றைச் சொல்லாமலே சொல்கிறது.

பப்புவா நியூ கினி மக்களின் சமூக வாழ்வை விளக்கும் சொல் "வன்டோக்". ஒரே பேச்சுடையவர் என்பது பொருள். ஒரு வன்டோக்கிடம் இருப்பது மற்றவரின் தேவைக்கும் உரியது. கொடுப்பவர் பின்னொரு நாள் பெறுவார். ஊர்மொழியைக் கற்று, ஊரில் உறவுப் பெயர் பெற்ற மிஷனரி வன்டோக் ஆகிறார். அப்போது அவர் வீட்டில் ஆறு மாத அரிசி அடுக்கியிருப்பதை ஊர் எப்படிப் பார்க்கும்? பள்ளிக் கட்டணம், கலியாணச் செலவு, விமானச் சீட்டு என்று கேட்டு வருபவர்களில் யாருக்கு எவ்வளவு? எல்லோருக்கும் கொடுத்தால் புரவலர் ஆகிவிடுவார். கொடுக்காவிட்டால் அவர் கற்ற மொழிக்கே பொருள் இல்லாமல் போகும். ஊழியர்கள் தங்களுக்குள் அதிகம் பேசிக்கொள்வது இதைப் பற்றித்தான்.

இச்சிக்கலை 1910-லேயே ஒரு தமிழர் உலகின் முன் வைத்தார். திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1903-இல் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கத்தின் நிறுவனர்களில் ஒருவர். தெலுங்கு நாட்டின் தோர்ணக்கலில் பணிசெய்து, 1912-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனவர். எடின்பர்க்கில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில், மேற்கத்திய மிஷனரிகள் ஏழைகளுக்குப் பொருளையும் தங்கள் உடல்களையும் கொடுத்ததை நன்றியோடு சொல்லிவிட்டு, எங்களுக்கு அன்பும் வேண்டும், நண்பர்களைத் தாருங்கள் என்று அவர் கேட்டார். தாமே அயல்மொழி நாட்டில் ஊழியராக இருந்தவர் கேட்டது என்பதால் அதற்கு இரட்டை எடை உண்டு.

ஜெபக் கடிதத்துக்கும் இதே சோதனை பொருந்தும். தாங்கும் சபைகளுக்கு ஊழியர்கள் எழுதும் இக்கடிதத்தின் மூதாதை, தரங்கம்பாடியிலிருந்து சென்ற மடல்களைத் தொகுத்து 1710 முதல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சிட்ட அறிக்கைகள். அக்காலத்தில் யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அவர்கள் அதை வாசிக்க வழியில்லை. இன்று கிராமத்து இளைஞர் கைப்பேசியில் வாசிக்கிறார். இருளில் கிடக்கும் மக்கள் என்று தம் தாயைப் பற்றி எழுதியிருப்பதை அவர் காணும்போது, பதினைந்து ஆண்டு நட்பு ஒரு வரியில் போய்விடும். எழுதும் முன் சம்பந்தப்பட்டவருக்கு வாசித்துக்காட்டும் ஊழியர்கள் இருக்கிறார்கள். எல்லோரும் அப்படிச் செய்ய வேண்டும்.

## தாயக விடுப்பும் "கோ பினிஸ்" நாளும்

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை குடும்பம் தாய்நாடு திரும்பி, தாங்கும் சபைகளைச் சந்தித்து, மருத்துவச் சோதனைகளை முடித்து, குறைந்துபோன ஆதரவை நிரப்புகிறது. விடுப்பு என்று பெயர் இருந்தாலும், ஞாயிறுதோறும் வேறு சபை, வேறு கட்டில், அதே படக்காட்சி என்று கழியும் மாதங்கள் அவை. 1895-இல் இந்தியா வந்து, 1951-இல் டோனாவூரில் இறக்கும் வரை ஒருமுறைகூடத் தாய்நாடு திரும்பாத எமி கார்மைக்கேல் விதிவிலக்கு.

நிரந்தரமாகப் புறப்படுவதற்குப் பப்புவா நியூ கினியில் ஒரு சொல் உண்டு: "கோ பினிஸ்". போய் முடிந்தது. பெரும்பாலும் மூன்று காரணங்கள் அந்நாளைக் கொண்டுவருகின்றன: ஊரில் முதிர்ந்த பெற்றோர், கல்லூரிக்குப் போகும் பிள்ளை, முடிந்த வேலை. அனுமதி புதுப்பிக்கப்படாமல் போவது நான்காவது. ஐம்பது அறுபது வயதில் சொந்த வீடின்றித் திரும்புபவர்கள் பலர். அமெரிக்காவில் போதகர்கள் சமய மனசாட்சியின் பேரில் சமூகப் பாதுகாப்புத் திட்டத்திலிருந்து விலகிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. இளமையில் அப்படி விலகியவருக்கு முதுமையில் அந்த ஓய்வூதியம் கிடையாது. ஒருவரை அனுப்பும் நாளிலேயே அவர் திரும்பும் நாளுக்கும் சபை கணக்குப் போட வேண்டும்.

சூரியத் தகடும் தொட்டியும் கணினியும் உள்ளூர் மொழிபெயர்ப்பாளரிடம் போகின்றன. வேதாகமத்தின் பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை இனி அவர்தான் நடத்துவார். சட்டிகளும் படுக்கைகளும் வன்டோக்குகளிடையே பங்காகின்றன. எஞ்சியது தராசு அனுமதிக்கும் கிலோ எடைக்குள் அடங்குகிறது. அதன் பின், அந்த மொழி பேச வேறு ஒருவரும் இல்லாத ஒரு நகரத்தில் அவர்கள் குடியேறுகிறார்கள். 2007-க்குப் பிறகு கைப்பேசிக் கோபுரங்கள் பரவியதால், கிராமத்தில் யாராவது சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஏறி அழைத்தால், கைப்பேசியில் பணம் தீரும் வரை சில நிமிடங்கள் அந்த மொழியில் பேசிக்கொள்ளலாம்.